எரர் காட்டாத தவறுகள்

மரபணு வரிசைகளைக் கம்ப்யூட்டரில் அலசக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பயம் புரோகிராமிங். பைத்தானில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் அது உடனே கத்திவிடும், திருத்திக்கொள்ளலாம். சத்தமே போடாமல் ஓடி, தப்பான விடையை அழகாகத் தந்துவிட்டுப் போகிற தவறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் வரிசை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் எச்பிபி மரபணுவில் ஜிஏஜி என்று இருக்க வேண்டியது ஜிடிஜி ஆகிவிடுகிறது. அதாவது ஏ போய் டி. சரி என்று, ஒப்பிடுவதற்கான மாதிரி மனித ஜீனோம் கோப்பைத் திறந்தால் அங்கே இருப்பது டி! நோயாளியிடம்தான் ஏ. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஒன்றில் ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே சி. கோப்பில் இருப்பது நேர் இழை மட்டும். இந்த மரபணுவோ எதிர் இழையில் இருக்கிறது. மரபணு எந்த இழையில் என்று பார்க்காமல் எழுத்தை ஒப்பிட்டால் ஆரோக்கியமானவரையும் நோயாளியையும் இடம் மாற்றிவிடுவோம்.

அந்த எழுத்தின் இடம், 11-ஆம் குரோமோசோமில் 5227002. இது மாதிரி ஜீனோமின் 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38 பதிப்பின் கணக்கு. 2009-இல் வந்த 37-இல் அதே எழுத்து 5248232-இல் இருக்கும். சென்னையில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதிவைப்பார்கள். இங்கே அந்த வசதி கிடையாது. எந்தப் பதிப்பு என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நல்லது.

அப்புறம் எண்ணிக்கை. மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு 1-இலிருந்து எண்ணும். ஜீனோமில் இடங்களைக் குறித்துவைக்கும் பெட் கோப்பும் பைத்தானும் 0-இலிருந்து. அதனால் பைத்தானில் 5227001 என்று கேட்டால்தான் நமக்கு வேண்டிய எழுத்து வரும்.

ஒரு வரிசையைப் போன்றவற்றைத் தரவுத்தளத்தில் தேடித்தரும் கருவி பிளாஸ்ட். அதில் தேடுகிறவர்கள் இ-வேல்யூவை, அதாவது அவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை வரலாம் என்ற எண்ணை, மதிப்பெண் மாதிரி ஒப்பிடுவார்கள். தரவுத்தளம் பெரிதானால், பொருத்தம் அதேதான் என்றாலும் இ-வேல்யூ ஏறும். வெவ்வேறு தளங்களில் தேடி வந்த இ-வேல்யூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

மரபணுப் பட்டியலை எக்செலில் திறப்பது இன்னொரு வம்பு. செப்ட்2 என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். தொல்லை தாங்காமல் 2020 வாக்கில் மரபணுவின் பெயரையே செப்டின்2 என்று மாற்றிவிட்டார்கள்! பழைய பட்டியல்களில் பழைய பெயர்தான் இருக்கும். மரபணுப் பெயர்கள் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து எக்செலுக்குள் கொண்டுவாருங்கள்.

புதிதாக எந்த ஸ்கிரிப்ட் எழுதினாலும் 38-ஆம் பதிப்பில் 5227002-இல் என்ன எழுத்து என்று முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். டி வந்தால் மேலே போகலாம். ஏ வந்தால் எங்கோ இழை புரண்டிருக்கிறது. சி வந்தால் ஒன்று தள்ளி எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த டி-க்கு இரண்டு பக்கமும் சி-தான்.