யாஸ்னா கூராவுக்கு முதல் தடவை போகிறீர்களா? ஓர் இரவு தங்குகிற மாதிரி போங்கள்

போலந்தில் செஸ்டொஹோவா என்று ஓர் ஊர். அங்கே யாஸ்னா கூரா என்கிற சின்னக் குன்றின் மேல் பவுலின் துறவிகளின் மடம் இருக்கிறது, 1382-இல் தொடங்கியது. அதற்குள் ஒரு சிற்றாலயம், சிற்றாலயத்துக்குள் கறுப்பு மாதா படம், அதாவது கருமையான முகத்தோடு வரைந்த கன்னி மரியாள் ஓவியம். நிறையப் பேர் கிராக்கோவிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். போய்ச் சேர்ந்தபோது நண்பகல், படத்தை வெள்ளித் திரை மூடியிருந்தது. திரையைக் கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். இரண்டாவது தடவை இரவு தங்கியபோதுதான், போலந்துக்காரர்கள் ஏன் இந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. அந்த இரண்டாவது பயணத்தின் வரிசைதான் கீழே இருப்பது.

முதலில் நாள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள், 26 கறுப்பு மாதா திருநாள். இந்த இரண்டையும் ஒட்டிய நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் மக்கள் நடந்தே வருகிறார்கள். வார்சாவிலிருந்து 1711 முதல் நடைபயணம் வருகிறது, ஒன்பது நாள் நடந்து 14-ஆம் தேதி வந்து சேர்வார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இருக்கத்தான் ஆசை என்றால் அப்போது போங்கள், ஆனால் தங்க இடம் பல மாதங்களுக்கு முன்பே பிடித்தாக வேண்டும். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண வார நாள்.

அடுத்தது ரயில். ஊரில் இரண்டு நிலையங்கள் உண்டு, வேக ரயில்கள் சில ஸ்ட்ராடோம் நிலையத்தில்தான் நிற்கும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நிலையத்தில் இறங்கினால் கன்னி மரியாள் பெயர் கொண்ட அகலமான சாலை நேராகக் குன்றுக்கே போகிறது. கண்ணெதிரே கோபுரம், வழி கேட்கவே வேண்டாம். அரை மணி நேர நடை. மடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பயணிகள் இல்லம் இருக்கிறது, பையை வைத்துவிட்டுப் போங்கள். ஆலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது, காணிக்கைக்குப் போலந்து நாணயமான ஸ்வாட்டியில் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

உள்ளே போவதற்கு முன்னால் கோட்டைச் சுவரின் மேல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். மடத்துக்கு எதற்குக் கோட்டைச் சுவர் என்று கேட்டால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1655-இல் சுவீடன் படை போலந்தைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிட்டது, அரசரே நாட்டை விட்டுப் போய்விட்டார். அந்த நவம்பரில் மடத்தையும் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் துறவிகள், வீரர்கள், அடைக்கலம் வந்த பிரபுக்கள் எல்லாம் சேர்த்தே சில நூறு பேர்தான். மடத் தலைவர் கோர்டெட்ஸ்கி சரணடைய மறுத்தார். ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சுவீடன் படை கிளம்பிப் போனது. போர்க்கணக்கில் இது சின்ன மோதல்தான், ஆனால் செய்தி பரவியதும் நாடே எழுந்து உட்கார்ந்தது. 1656 ஏப்ரல் 1 அன்று அரசர் யான் கசிமியெஷ் மாதாவைப் போலந்தின் அரசி என்று அறிவித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், முற்றுகை நடந்தபோது மூலப் படம் மடத்திலேயே இல்லை. அதை முன்கூட்டியே சைலீசியாவுக்குக் கடத்தி ஒளித்துவைத்துவிட்டார்கள். கோர்டெட்ஸ்கிக்குச் சுவரின் மேல் சிலை இருக்கிறது, பக்கத்தில் நின்று கீழே பாருங்கள், இவ்வளவு சின்ன இடமா என்று தோன்றும்.

சரி, இப்போது சிற்றாலயம். காலை 6 மணிக்கு எக்காளமும் முரசும் ஒலிக்கத் திரை மேலே போகும், நடுப்பகலில் மூடி மறுபடி திறப்பார்கள். வார நாளுக்கும் ஞாயிற்றுக்கும் நேரம் மாறும் என்பதால் வாசலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னை மாதிரி ஏமாறாதீர்கள். மாதாவின் வலது கன்னத்தில் இரண்டு கீறல்கள் தெரியும், 1430-இல் கொள்ளையர்கள் வாளால் வெட்டியவை. சுவர் முழுக்க நேர்ச்சைப் பொருட்கள், ஊன்றுகோல்கள்கூட. பீடத்தைச் சுற்றிச் சிலர் முழந்தாளிட்டே நகர்வார்கள், அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள், கேமராவைத் தூக்காதீர்கள்.

இங்கே வருகிறவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு கதை உண்டு. 1957 முதல் இந்தப் படத்தின் பிரதி ஒன்று போலந்தில் ஊர் ஊராக, ஆலயம் ஆலயமாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. 1966-இல் கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ் அதைப் பிடித்து இந்த மடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று தடை போட்டது. படத்தைக் கைது செய்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள் என்றால், படம் இல்லாத வெறும் படச்சட்டத்தையும் ஒரு மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு அதே பயணத்தைத் தொடர்ந்தார்கள். 1972 வரை ஆறு வருஷம், படமே இல்லாத அந்தப் படச்சட்டத்துக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக முழந்தாளிட்டார்கள். அப்புறம் சில குருக்கள் பிரதியை மடத்திலிருந்து ரகசியமாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

பிற்பகலில் அருங்காட்சியகம். சுருக்கமாகப் பார்த்தால் போதும், ஆனால் லேக் வாவென்சா 1983-இல் பெற்ற அமைதி நோபல் பதக்கத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த காலத்தில் சட்டை மார்பில் கறுப்பு மாதா பேட்ஜ் குத்திக்கொண்டிருந்த மனிதர், பதக்கத்தையும் மாதாவிடமே கொடுத்துவிட்டார். கால் வலிக்கவில்லை என்றால் கோபுரத்தில் ஏறலாம், 500-க்கும் மேற்பட்ட படிகள். குளிர்காலத்தில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு சாப்பிட்டுவிட்டு, இரவு எட்டரைக்கே மறுபடி சிற்றாலயத்துக்கு வந்துவிடுங்கள், தாமதித்தால் நிற்க இடம் கிடைக்காது. ஒன்பது மணிக்கு அப்பெல் என்கிற வேண்டுதல், 'ஆஜர் கூப்பிடுதல்' மாதிரி ஒரு பெயர். போலந்து கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக இருந்த கர்தினால் விஷின்ஸ்கியை அரசு 1953 செப்டம்பரில் பிடித்துக்கொண்டு போனது, அவர் விடுதலைக்காக அந்த டிசம்பர் 8 அன்று இங்கே இரவு ஒன்பது மணிக்கு ஒரு சிறு கூட்டம் கூடி ஜெபித்தது. அவர் 1956-இல் விடுதலையான பிறகும் அந்த ஒன்பது மணியை யாரும் விடவில்லை. அதே 1956 ஆகஸ்டில், அவர் இன்னும் காவலில் இருந்தபோது, பெருங்கூட்டத்துக்கு நடுவே அவருடைய நாற்காலியைக் காலியாக விட்டு அதில் பூங்கொத்து வைத்திருந்தார்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து நிற்கும்போது நில்லுங்கள், போனை அணைத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிற வயதான பெண்மணி அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் பாடுவார்.

இருபது நிமிஷத்தில் முடிந்து திரை இறங்கிவிடும். வெளியே வரும் வழி குறுகல், தள்ளாமல் மெதுவாக வாருங்கள். தங்குமிடத்தின் கதவை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று மட்டும் சாயங்காலமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.