பழைய காரில் அலாஸ்கா, யூகான் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்கா நெடுஞ்சாலை கனடாவின் டாசன் க்ரீக்கில் தொடங்கி, அந்நாட்டின் யூகான் பகுதி வழியாக, அமெரிக்க மாநிலமான அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,230 கி.மீ. நீளம். டாசன் க்ரீக்கிலிருந்து அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரை போய்த் திரும்பினால் 4,700 கி.மீ.யைத் தாண்டிவிடும். இரண்டு லட்சம் கி.மீ. ஓடிய காரும், ஒழுங்காகத் தயார் செய்தால், இதைத் தாங்கும். இந்தச் சாலைகளில் பழைய வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் என்ஜின் அல்ல. ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்), ஒரு பெல்ட், ஒரு டயர். ஊருக்குள் அரை நாளில் சரியாகிவிடும் பழுதுதான். அடுத்த கடை 300 கி.மீ. தள்ளி இருந்து, பாகமும் லாரியில் வர வேண்டும் என்றால் நாலைந்து நாள் போய்விடும். அதனால் "தினமும் ஆபீசுக்கு ஓடுகிற வண்டிதானே" என்று நம்பிக் கிளம்புவதே முதல் தவறு. தினசரி ஓட்டத்தில் என்ஜின் அரை மணி நேரம் சூடாகி ஆறிவிடும். எட்டு மணி நேரம் முழுச் சுமையோடு ஏற்ற இறக்கத்தில் ஓடும்போதுதான் பலவீனங்கள் வெளியே வரும்.

கிளம்பும் வாரத்தில் வேலை பார்ப்பது

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு இது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது வாட்டர் பம்ப், பெல்ட், பிரேக், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். புதுப் பாகத்திலும் தயாரிப்புக் குறை இருக்கலாம். கிளாம்ப் சரியாக இறுகாமல் இருக்கலாம். சீல் மெல்லக் கசியலாம். இவை தெரிய வண்டி ஓட வேண்டும். பெரிய வேலைகளை மூன்று நான்கு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பயணத்துக்குரிய முழுச் சுமையை ஏற்றி, மொத்தம் 800 கி.மீ.யாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கழற்றிய பழைய பெல்ட்டில் வெடிப்பு இல்லையென்றால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஸ்பேர் அதுதான்.

ஹோஸை வெளியே பார்த்து நம்புவது

ரேடியேட்டர் ஹோஸ் உள்ளிருந்து கெடும், அதுவும் கிளாம்புக்குப் பக்கத்து இரண்டு அங்குலத்தில்தான் முதலில். வெளியே பளபளப்பாகவே இருக்கும். என்ஜின் முழுதாக ஆறிய பிறகு, கிளாம்பை ஒட்டிய பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். பிறகு நடுப்பகுதியை அழுத்துங்கள். ஓரம் நடுவைவிடக் கொழகொழவென்று அமுங்கினாலோ, உள்ளே நொறுநொறுவென்று ஏதோ உடைவது போல் உணர்ந்தாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பலரும் மறப்பது அந்த ஹீட்டர் ஹோஸைத்தான். அதோடு தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே கலக்காத கூலன்ட் இதைவிட முன்பே உறைந்துவிடும் என்பதால், "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று அப்படியே ஊற்ற வேண்டாம். வழியில் வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருந்தால், குளிர் வருவதற்குள் கலவையைச் சரிசெய்தாக வேண்டும். செப்டம்பரிலேயே வடக்கில் பனி விழும்.

வெப்பமுள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

டயரின் தடத்தை மட்டும் பார்ப்பது

அலாஸ்கா நெடுஞ்சாலை தார்ச்சாலை. அதிலிருந்து பிரிந்தால் கதை வேறு. யூகானின் டாசன் சிட்டி (டாசன் க்ரீக் அல்ல) பக்கத்திலிருந்து கனடாவின் வடகோடியில் உள்ள இனுவிக் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை சுமார் 736 கி.மீ., ஏறக்குறைய முழுவதும் சரளை. கத்தி போல் கூரான கற்கள் உள்ள பகுதிகள் உண்டு. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை 666 கி.மீ.; அதிலும் பெரும்பகுதி சரளையே.

டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டியதைக் கடையில் காட்டிச் சோதியுங்கள். பத்து ஆண்டு தாண்டியது, தடம் புதிது போல் இருந்தாலும், வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். டிக்கிக்குள் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி வழக்கமாக 80 கி.மீ. வேகத்துக்குள், குறைந்த தூரத்துக்கு மட்டுமே ஆனது. சரளையில் அதை நம்பக் கூடாது. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், டால்டனுக்கும் டெம்ப்ஸ்டருக்கும் இரண்டு.

பஞ்சர் ஒட்டும் கிட், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் இரண்டும் இருக்கட்டும். சரளையில் ஜாக்கி புதையும் என்பதால் ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்றும் வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட நட்டை அங்கே போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

பெட்ரோலைத் தார்ச்சாலைக் கணக்கில் போடுவது

டால்டனில் கோல்ட்ஃபுட்டை விட்டால் அடுத்த பெட்ரோல் டெட்ஹார்ஸில், சுமார் 386 கி.மீ. தள்ளி. டெம்ப்ஸ்டரில் சாலை தொடங்கும் இடத்திலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை 369 கி.மீ. வழக்கமாக 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடிக்கும் கார், சுமையோடு சரளையில் 13 லிட்டர் குடிக்கலாம். அப்படியானால் 386 கி.மீ.க்கு 50 லிட்டர்.

டேங்க் 60 லிட்டர் என்றால் போதுமே என்று தோன்றும். ஆனால் பழைய காரில் கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. டேங்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். மட்டம் குறைந்தால் பம்ப் சூடேறும். சரிவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றையும் இழுக்கும். ஆகவே 20 லிட்டர் கேன் ஒன்று வேண்டும். அதைத் தரையில் வைத்தே நிரப்புங்கள், கொஞ்சம் இடம் விடுங்கள், ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள்.

என்ஜின் ஆயிலும் இந்தக் கணக்கில் சேரும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடிக்கும் என்ஜின் போய்த் திரும்புவதற்குள் இரண்டரை லிட்டர் குடித்துவிடும். நாலு லிட்டர் கையிருப்போடு, பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியைப் பாருங்கள்.

கூரையில் பாரம், கீழே பழைய ஷாக் அப்சார்பர்

அலாஸ்கா நெடுஞ்சாலையில், யூகானின் டிஸ்ட்ரக்ஷன் பே ஊரைத் தாண்டி பீவர் க்ரீக் போகும் பகுதியில் சாலைக்கு அடியில் நிரந்தர உறைமண் இருக்கிறது. கறுத்த தார் வெயிலை வாங்க, அடியில் பனி உருகி மண் ஒரு பக்கம் அமிழும். குளிரில் நீர் உறைந்து இன்னொரு பக்கம் மேடாகும். தூரத்திலிருந்து சாலை சமமாகத்தான் தெரியும். 90 கி.மீ. வேகத்தில் அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தால், தளர்ந்த ஷாக் அப்சார்பர் உள்ள கார் தரையைத் தட்டும். துருப்பிடித்த சைலன்சர் அங்கேதான் கழன்று விழும். புகைக்குழாய் உடைந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். ஜன்னலைத் திறந்து ஓட்டி, சீக்கிரம் கட்டிவிடுங்கள். அதற்குக் கம்பியும் இரண்டு கிளாம்பும் போதும். கதவோரம் ஒட்டியிருக்கும் எடை அளவுக்குள் சுமையை வையுங்கள், கனமானதைக் கூரையில் ஏற்றாதீர்கள்.

சேற்றை அப்படியே விடுவது

டால்டனில் புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். ஈரத்தில் அது சேறோடு சேர்ந்து சிமென்ட் போல் இறுகும். சக்கரத்தின் உட்புறம் ஒட்டினால் ஸ்டீயரிங் ஆடும், ரேடியேட்டரில் ஒட்டினால் வண்டி சூடாகும், அடித்தகட்டில் ஒட்டினால் துரு அரிக்கும். கழுவ வசதி கிடைத்த முதல் இடத்திலேயே கழுவுங்கள். ரேடியேட்டருக்கு மட்டும் மெதுவான தண்ணீர். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கும். வறண்ட நாளில் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும், மாற்று ஒன்று கையில் இருக்கட்டும்.

உதவி வரும் என்று நினைப்பது

பெரும்பகுதியில் மொபைல் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கி, கிளம்பும் முன் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். சாலை உதவித் திட்டத்தின் பத்திரத்தையும் வரி வரியாகப் படியுங்கள்: எத்தனை கி.மீ. வரை இழுப்பார்கள், சரளைச் சாலைக்கு வருவார்களா, எல்லை தாண்டினால் செல்லுமா. பல திட்டங்களில் தூர வரம்பு உண்டு. மீதித் தூரத்துக்கான கட்டணம் வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். எந்தத் தொகைக்கு மேல் போனால் வண்டியைக் கைவிடுவது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். நடந்து போகும் ஆளைவிட நிற்கும் வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு நாள் சாப்பாடு, தண்ணீர், ஆளுக்கொரு கனத்த போர்வை, கொசுவலைத் தொப்பி இவை கோடையிலும் வண்டிக்குள் இருக்க வேண்டும்.