உப்புக்காற்று வீசும் வீடுகளில் எர்த் இணைப்பைக் கவனியுங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் வீட்டு மின்இணைப்பைக் கெடுப்பதில் உப்புக்காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், வெளிச்சுவரில் உள்ள மீட்டர் பெட்டியின் திருகுகள் துருப்பிடித்து, செம்புக் கம்பி முனைகளில் பச்சைப் பொடி படிகிறது. அவ்விடத்தில் மின்தடை கூடுவதால், தண்ணீர் மோட்டார் ஓடும்போது இணைப்பு சூடேறிக் கம்பியின் உறை கருகத் தொடங்கும். கருகல் வாடை வந்தால் மெயினை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

இதைவிடக் கவலைக்குரியது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கடத்திவிடும் எர்த் கம்பி. அது மண்ணுக்குள் அரித்து அறுந்துபோனாலும் விளக்கும் விசிறியும் வழக்கம்போல ஓடுவதால், குளிர்சாதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் கசிந்து யாரையாவது தாக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரிவதே இல்லை. ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, செப்டம்பரிலேயே, எர்த் குழியின் இணைப்பைத் திறந்து பார்த்து, துருவைச் சுரண்டி, நட்டை இறுக்கி, கிரீஸ் பூசச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடையையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது முக்கியமாகக் கம்பிகளைக் காப்பதற்கானது. ஆளைத் தாக்கும் சிறு கசிவு அதற்குத் தெரியாது. அந்தக் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. சுவிட்சைத் தகுந்த பணியாளரைக் கொண்டு அவசியம் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே சுவிட்ச் விழுந்து மின்சாரம் நிற்காவிட்டால், தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.