பழைய நாட்குறிப்பைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள்

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தது எந்தத் தேதியில்? பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டும் ஒரே நாள்தான். 1752 வரை ஆங்கிலேயர் பழைய காலண்டரையே வைத்திருந்ததால் 11 நாள் பின்னால் இருந்தார்கள். இது தெரியாமல் புதுச்சேரி நாட்குறிப்பையும் ஆங்கிலக் கப்பலின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், கப்பல் வருவதற்கு முன்பே சரக்கு இறங்கியது போலத் தோன்றும்.

அதோடு விடவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலக் கப்பலில் நாள் நள்ளிரவில் தொடங்காது. முந்தின நாள் நண்பகலிலேயே தொடங்கிவிடும். பதிவேட்டில் ‘10-ம் தேதி மாலை’ என்றிருந்தால் கரையில் அது 9-ம் தேதி மாலை. காலைப் பதிவில் இந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805-ல்தான் விட்டது.

நம் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் வணிகராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6 முதல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் தமிழ் வருஷமும் மாதமும் வரும். அது நள வருஷம். ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை நள வந்துகொண்டே இருக்கும். 1796-ம் நளதான், 1976-ம் நளதான். தனியாகக் கிடைத்த ஏட்டில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அதில் வரும் ஆட்களை வைத்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது சொல். பிள்ளையின் காலத்து வணிகப் பேச்சில் ‘புடவை’ என்றால் பெண்கள் கட்டும் சேலை மட்டுமல்ல, துணிச் சரக்கு மொத்தமும். நானும் முதலில் புடவைக் கட்டுகள் கப்பலேறுவதைப் படித்துவிட்டு, பிரான்சில் யார் சேலை கட்டினார்கள் என்று யோசித்தவன்தான். யாழ்ப்பாணத்தில் இன்றும் துணிக்கடைக்குப் புடவைக்கடை என்றே பெயர். அதே போல ‘சீமை’ என்றால் ஐரோப்பா, ‘கும்பினி’ என்றால் ஐரோப்பியரின் வணிகக் கம்பெனி. ஆங்கில மொழிபெயர்ப்பின் 12 தொகுதிகளை மட்டும் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் இந்தப் பேச்சுத் தமிழின் ருசியும் கிடைக்காது.

நாட்குறிப்பு என்றாலே அன்றன்று எழுதியது என்று நம்புவதுதான் பெரிய தவறு. எட்வர்ட் பார்லோ என்ற ஆங்கில மாலுமி 1659-ல் கடலுக்குப் போனவர். கடல் வாழ்க்கையைக் கீழ்த்தட்டிலிருந்து சொல்லும் அவருடைய எழுத்து அபூர்வமானது. கப்பல் படங்களும் வரைந்திருக்கிறார். ஆனால் அவர் எழுத உட்கார்ந்ததே 1670-களில், டச்சுக்காரர்களிடம் கைதியாக இருந்தபோது. அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாம் நினைவிலிருந்து வந்தவை. அப்புறம், தன் மானத்தைக் குலைக்கும் ஒரு வாக்குமூலத்தின் மேல் வேறு தாளை ஒட்டி மாற்றி எழுதியிருக்கிறார். அண்மையில் ஏட்டைச் செப்பனிட்டபோதுதான் அடியில் இருந்தது வெளியே வந்தது. எனவே அச்சுப் பதிப்போடு நிற்காமல், முடிந்தால் கையெழுத்துப் படியின் படத்தையும் பாருங்கள்.

பிள்ளை தாளை ஒட்டி மறைக்கவில்லை, சரி. ஆனால் ஆளுநர் தன்னைப் புகழ்ந்த பேச்சை நீளமாக எழுதுகிறவர், போட்டியாளர்களைச் சும்மா விடாதவர். 1747-ல் தலைமைத் துபாசி (ஆளுநருக்கு மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளரும்) ஆனவர் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்ட மற்றவர்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சரக்கு, கப்பல் வரவு, எத்தனை பீரங்கி முழங்கியது போன்றவற்றில் நான் அவரை நம்புவேன். அவற்றில் பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

கடைசியாக, நாட்குறிப்பில் பெயர் வராதவர்களை வேலையே செய்யாதவர்களாக எண்ணிவிடக் கூடாது. அப்போது புதுச்சேரியில் கப்பல் அணையத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும்; ஒவ்வொரு கட்டும் சலங்கு என்ற படகில் அலையைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். துப்பட்டியும் அங்கியுமாக ஆளுநர் மாளிகைக்குப் போய்வந்த பிள்ளையின் பக்கங்களில் சலங்கு தள்ளியவர்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருகிறார்கள். அவர்களுடைய கூலியைத் தேடுகிறவர்கள் நாட்குறிப்பை மூடிவைத்துவிட்டு, பிரெஞ்சுக் கும்பினியின் செலவுக் கணக்குகளைத்தான் புரட்ட வேண்டும்.