மூணு வருஷம் தூங்கின நீராவி எஞ்சின ஓட வெச்ச கதை

ரிடையர் ஆனப்புறம் எனக்கு பிடிச்ச பைத்தியம் இந்த குட்டி நீராவி எஞ்சின் தான், வெறும் பொம்மை இல்லங்க, நெஜமாவே ஸ்பிரிட் விளக்கு ஏத்தி பாய்லர்ல தண்ணி கொதிச்சு 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துல ஓடற வகை. பேரன் வந்திருக்கானேன்னு மூணு வருஷம் கழிச்சு வெளிய எடுத்து பத்த வெச்சேன், பிரஷர் முள்ளு ஏறுது, சேஃப்டி வால்வு சீறுது, சக்கரம் மட்டும் ரெண்டு உதறு உதறிட்டு நின்னுடுச்சு. "203 கிலோமீட்டர் வேகம்னு சொன்னீங்களே தாத்தா"ங்கறான், அது 1938ல மல்லார்ட்ங்கற பிரிட்டிஷ் நீராவி ரயில் எஞ்சின் போன வேகம்டா!

வீட்டுக்காரம்மா தையல் மிஷின் எண்ணெய் விட்டு பாருங்கன்னாங்க, விட்டேன், வேலைக்காகல, அந்த மெல்லிசு எண்ணெய் நீராவி சூட்டுக்கு தாங்காது. அப்புறம் தான் லூப்ரிகேட்டர், அதாவது சிலிண்டருக்கு எண்ணெய் குடுக்கற குட்டி டப்பா, அதோட மூடிய கழட்டி பாத்தா உள்ள பூரா தண்ணி. இதுல பம்ப் எதுவும் கிடையாது, நீராவி உள்ள வந்து குளிர்ந்து தண்ணியாகி அடியில இறங்கும், மேல மிதக்கற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா சிலிண்டருக்கு போகும், அதனால ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் அந்த தண்ணிய எடுத்துடணும், எடுக்காம விட்டது நான்தான். சிரிஞ்சால உறிஞ்சிட்டு கெட்டியான ஸ்டீம் ஆயில் ஊத்தினேன்.

இன்னொண்ணு, சிலிண்டர் ஜில்லுன்னு இருக்கறப்ப உள்ள போற நீராவி தண்ணியாயிடும், அதனால கையால முன்னும் பின்னும் நாலஞ்சு தடவ தள்ளி விட்டேன், புகைக்குழாய்ல தண்ணிய துப்பிட்டு கிளம்பிடுச்சு! சுவர் பூரா எண்ணெய் பொட்டு, இப்ப அத துடைக்கற வேலை எனக்கு.