எல்லையோரச் சிறுதொழிலுக்கு வங்கிக் கடன்: நம்பிக்கையைப் பதிவில் காட்டுவது எப்படி?

தமிழக–கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சரக்கு ஒரு மாநிலத்திலும் வரவேண்டிய பணம் மறு மாநிலத்திலும் இருப்பது வழக்கம். கடைத்தெருவில் இவர்களுடைய வாய்ச்சொல்லை நம்பியே லாரியிலிருந்து சரக்கு இறங்கும். வங்கி மேலாளரோ சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர். அடுத்து வருகிறவரும் படித்துப் பார்க்கக்கூடிய பதிவுகளைத்தான் அவர் நம்ப முடியும்.

முதலில், விற்பனைப் பணம் முழுவதும் ஒரே நடப்புக் கணக்கின் வழியாக வரட்டும். பொள்ளாச்சியில் ஒரு கணக்கு, பாலக்காட்டில் ஒரு கணக்கு, மீதி ரொக்கம் என்று சிதறிக் கிடந்தால் இழப்பு உங்களுக்கே. சிறுதொழிலின் நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டத் தேவைப்படும் பணத்துக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதத்தைக் கடன் வரம்பாகக் கணக்கிடும் முறையை ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு பரிந்துரைத்தது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி 60 லட்ச ரூபாய் விற்பனைக்கு 12 லட்சம் கேட்கலாம். ஆனால் கணக்கில் தெரிவது 25 லட்சம் மட்டுமே என்றால், 5 லட்சத்துக்கு மேல் கேட்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஜிஎஸ்டி அறிக்கையில் காட்டிய தொகையும் இதனோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து, விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண்ணைவிட, உறவினருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட பழைய கடன் எதுவும் நிலுவையில் நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். சீட்டுக்குத் தவறாமல் பணம் கட்டியது பெரும்பாலும் இந்த அறிக்கையில் வராது என்பதால், சீட்டுப் புத்தகத்தையும் கையில் கொண்டு போங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றை இணைத்து, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத நிதியின் கீழ் கடனைச் சேர்க்கும்படி கேளுங்கள். அந்த உத்தரவாதம் வங்கியின் இழப்பை ஈடுசெய்யத்தானே தவிர, உங்கள் கடனைத் தள்ளுபடி செய்ய அல்ல. இதைப் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை பெரும்பாலும் உடைவது கடன் கைக்கு வந்த பிறகுதான். வங்கிக்குக் கொடுக்கும் மாதாந்தரக் கையிருப்பு அறிக்கையில் 200 மூட்டை கொப்பரை என்று எழுதியிருக்க, ஆய்வுக்கு வந்த அலுவலர் கிடங்கில் 120 மூட்டைதான் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 மூட்டை காங்கேயத்து ஆலைக்குப் போனது உண்மையாகவே இருந்தாலும், பில்லும், சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லும் அந்த இடத்தில் இல்லாவிட்டால், அடுத்த மாதம் நீங்கள் எழுதும் எந்த எண்ணும் சந்தேகத்தோடுதான் படிக்கப்படும். ஆகவே அனுப்பிய சரக்கின் பில்களைக் கிடங்கிலேயே தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

கேரளத்து வியாபாரி ஓணம் முடிந்து தருவதாகச் சொன்ன பணம் தள்ளிப்போனால், தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பு மேலாளரால் செய்ய முடிகிற பல உதவிகளை அதன்பின் அவர் நினைத்தாலும் செய்வது கடினம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. உடனே நாலைந்து வங்கிகளுக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் பதிவாகும். சொல்லப்பட்ட குறையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் வரவு செலவு ஏற்கெனவே தெரிந்த அதே கிளைக்கு மறுபடியும் போங்கள்.