ஆவணப் பையே பாடநூல்: வன்னிக் கிராமமொன்றில் வளர்ந்தோர் வகுப்பு நடத்துவது எப்படி?

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த வீட்டிலும் கூரைத் தடியிலோ அலுமாரிக்குள்ளோ ஒரு பொலித்தீன் பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், கிளினிக் கொப்பி, கடன் தவணைகளைக் குறிக்கும் கடன் அட்டை எல்லாம் அதற்குள்தான். 2009 வரை போரினால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சட்டி பானையை விட்டு ஓடியவர்களும் இந்தப் பையை விடவில்லை. ஆனால் பாடசாலை வயதைப் பதுங்குகுழியிலும் அகதி முகாமிலும் கழித்த சிலரால், தாம் காத்து வந்த அந்தக் கடதாசிகளை இன்றும் வாசிக்க முடிவதில்லை. எழுத்தறிவு, எண்ணறிவு, அடிப்படை ஆங்கிலம் மூன்றையும் கற்பிக்க முன்வருபவர் புதிய பாடநூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தப் பையை அவிழ்த்தால் போதும்.

முதலில் கிராம அலுவலருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் தெரிவியுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவில் ஒரு தடவை விசாரிப்பதும் நல்லது. இடத்தைப் பொறுத்தவரை பொதுநோக்கு மண்டபமே பொருத்தமானது. முன்பள்ளிக் கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று ஐம்பது வயது அம்மாவைக் குழந்தைக் கதிரையில் குந்த வைத்தால், அவர் மறுவாரம் வரமாட்டார். வாரத்தில் இரண்டு நாள், பின்னேரம் மூன்று மணி முதல் நாலரை வரை போதுமானது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் இருட்டினால் வீதியில் யானை நிற்கும். ஆகவே பொழுதுபடுமுன் எல்லோரும் வீடு சேரக்கூடியதாக நேரத்தை வையுங்கள்.

வரவுப் பதிவில் நான் ஒரு பிழை விட்டேன். முதல் நாளே பெயரும் கையொப்பமும் கேட்டு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டேன். அது மூன்றாவது வரிசைக்குப் போனதும், ஓர் அக்கா "கண்ணாடி கொண்டு வரேல்லை" என்று சொல்லி அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவரிடம் கண்ணாடியே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பின்னர் அவர் வரவுமில்லை. வரவை ஆசிரியரே குறிக்க வேண்டும். கையொப்பம் இடுவது ஒரு பாடமாகப் பின்னால் வரட்டும்.

கண்ணாடியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய எவருக்கும் கிட்ட இருப்பதைப் பார்க்கும் திறன் குறைவது இயல்பு. கொப்பியை முழங்கை நீள்கிற அளவுக்குத் தள்ளிப் பிடித்து நெற்றியைச் சுருக்குகிறவரை, மண்டையில் ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு வாசிப்புக் கண்ணாடிதான். ஆஸ்பத்திரியின் கண் பரிசோதனைக்கு அவரை அனுப்பி வையுங்கள். அதுவரை விரல் உயர எழுத்துகளைத் தடித்த பேனையால் எழுதுங்கள்.

எழுத்துகளைப் பெயரிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். தன் பெயர், ஊரின் பெயர், குளத்தின் பெயர் ஆகிய மூன்றும் வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் கைக்கு வந்துவிடும். பிரேசிலில் கல்வியாளர் பாவுலோ பிரேய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு, அவர்களது வாழ்வில் புழங்கிய சொற்களைக் கொண்டே 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவித்தார். அந்தக் கணக்கை நம்பித் தமிழில் அவசரப்படக் கூடாது. 247 எழுத்து என்று சொல்லி ஆளை வெருட்டவும் கூடாது. உயிரும் மெய்யும் துணைக்குறிகளும் பிடிபட்டால் மீதி தானாகக் கூடி வரும். உண்மையில் சறுக்குகின்ற இடங்கள் இரண்டு. கு, சு, டு, நு, மு என்று உகர வரிசை எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவது ஒன்று. கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிருக்குரிய குறி முன்னால் நிற்பது மற்றது. இவ்விரண்டுக்கும் தாராளமாக நாள் ஒதுக்குங்கள். ஆய்த எழுத்து காத்திருக்கலாம்.

எண்ணறிவில் நிலைமை தலைகீழ். நெல் விற்கும் ஐயாவுக்கு மனக்கணக்கு உங்களைவிட வேகமாக வரும். மூடைக்கு இரண்டு கிலோ கழிவென்றால் 60 மூடைக்கு 120 கிலோ போய்விடும் என்பதை அவர் கண்ணிமைப்பதற்குள் சொல்வார். அதை எழுதிக் காட்டுவதுதான் அவருக்குப் புதிது. எனவே விடையை அவர் சொல்லட்டும். எழுதும் வழியை நீங்கள் காட்டுங்கள். அடையாள அட்டையும் நல்ல பாடம். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1978562 என்று தொடங்கினால் 562இலிருந்து 500ஐக் கழிக்க 62 வரும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணினால் அது மார்ச் 2. ஒருவர் தன் பிறந்தநாளைத் தானே இப்படிக் கண்டுபிடிக்கிறபோது வகுப்பில் எழும் சிரிப்பைக் கேட்க வேண்டும்.

அடுத்தது கடன் அட்டை. 50,000 ரூபாய் எடுத்து வாரம் 1,250 வீதம் 52 வாரம் கட்டினால், மொத்தம் 65,000. ஆண்டுக்கு நூற்றுக்கு 30 வட்டி என்றுதான் தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே கடன் குறைந்து வருவதால், சராசரியாக அதில் பாதியளவே கையில் இருக்கிறது. உண்மை வட்டி ஏறக்குறைய இரட்டிப்பு. இந்தக் கணக்கைக் கற்பனைத் தொகைகளைக் கொண்டே செய்யுங்கள். ஒருவருடைய கடன் அயலவருக்குத் தெரியவரக் கூடாது. யாருடைய ஆவணத்தையும் கைப்பேசியில் படம் பிடிக்கவோ உங்களிடம் வைத்துக்கொள்ளவோ வேண்டாம்.

ஆங்கிலம் தமிழ் வாசிப்பு ஓரளவு ஊன்றிய பிறகு வரட்டும், பெரிய எழுத்துகள் இருபத்தாறோடு. எல்லோரும் கேட்பது பேச்சு ஆங்கிலத்தைத்தான். எனினும் முதலில் உதவுவது மருந்து உறையை வாசிப்பது. ஈ, எக்ஸ், பீ (EXP) என்ற மூன்று எழுத்துகளுக்கு அருகே இருப்பது காலாவதித் திகதி. பீ.டீ. (BD) என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டீ.டீ.எஸ். (TDS) என்றால் மூன்று வேளை. ஐயமிருந்தால் மருந்து தருபவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அத்துடனேயே சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதி வைப்பவரை மெல்லத் திருத்த வேண்டும். பில் என்று எழுதினால் கடைச் சிட்டையும் அதுதான், குளிசையும் அதுதான். தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். அதிர்வின் வேறுபாடு விரலுக்குத் தெரியும்.

காலபோக நெல் விதைப்புக்கும் அறுவடைக்கும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் வகுப்பை நீங்களாகவே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வராதவர்கள் வெட்கப்பட்டே நின்றுவிடுவார்கள். மீண்டும் தொடங்கும் திகதியைச் சுவரில் ஒட்டாமல், ஒவ்வொருவரையும் தன் கொப்பியில் தானே எழுதிக்கொண்டு போகச் செய்யுங்கள்.